ஒரு மருந்துக்கு எத்தனை காப்புரிமை?

அறுபது மில்லிகிராம் மருந்துப் பொடி அடங்கிய ஒரு சிறிய பாட்டில். தண்ணீர் விட்டுக் கரைத்து, தினமும் ஒரு வேளை வாய்வழியாகக் கொடுக்க வேண்டும். ரிஸ்டிபிளாம் என்ற இந்த மருந்தை 'எவ்ரிஸ்டி' என்ற பெயரில் விற்கும் ரோஷ் நிறுவனம் இந்தியாவில் அதற்கு வைத்த விலை, பாட்டிலுக்குச் சுமார் 6.2 லட்சம் ரூபாய். ஹைதராபாத்தைச் சேர்ந்த நாட்கோ பார்மா 2025 அக்டோபரில் அதே மருந்தை விற்பனைக்குக் கொண்டுவந்தபோது அறிவித்த விலை 15,900 ரூபாய். எஸ்.எம்.ஏ. எனப்படும் முதுகுத்தண்டு தசைச் சிதைவு நோய் உள்ளவர் இருபது கிலோ எடையைத் தாண்டிவிட்டால், நாளொன்றுக்கு 5 மில்லிகிராம் எடுத்துக்கொள்ள வேண்டும். ஒரு பாட்டில் பன்னிரண்டே நாளில் தீரும். ஆண்டுக்கு முப்பது பாட்டில் என்று வைத்துக்கொண்டால், பட்டியல் விலைப்படி ஒரு கோடியே 86 லட்சம் ரூபாய் எங்கே, நாலே முக்கால் லட்சம் ரூபாய் எங்கே! ரோஷ் தரப்பில் சலுகைத் திட்டங்கள் இருந்தன என்பது உண்மைதான். ஆனால் அரசு உதவியைக் கணக்கிட்டுப் பார்த்தால் இந்த வித்தியாசத்தின் முழுப் பொருள் விளங்கும். மத்திய அரசின் அரிய நோய்களுக்கான கொள்கைப்படி ஒரு நோயாளிக்குக் கிடைக்கும் அதிகபட்ச உதவி 50 லட்சம் ரூபாய். பழைய விலையில் அந்தத் தொகை மூன்று மாதத்துக்குச் சற்று மேல் தாங்கும். புதிய விலையில் பத்தாண்டு வரும். 16 கோடி ரூபாய் மரபணு ஊசிக்காகச் சமூக ஊடகங்களில் கைநீட்டிய பெற்றோர்களைச் சில ஆண்டுகளாகப் பார்த்துவரும் தமிழகத்துக்கு, இந்த நோயைப் பற்றி அதிகம் விளக்க வேண்டியதில்லை.

இந்த விலை இறங்கியதற்குக் காரணம் ஒரு நீதிமன்றப் போர். ரிஸ்டிபிளாமுக்கு ரோஷ் பெற்ற இந்தியக் காப்புரிமை 2035 மே மாதம் வரை செல்லும். அதைக் காட்டி, நாட்கோவுக்கு இடைக்காலத் தடை விதிக்கும்படி டெல்லி உயர் நீதிமன்றத்தில் ரோஷ் கேட்டது. 2025 மார்ச் 24 அன்று நீதிபதி மினி புஷ்கர்ணா தடை விதிக்க மறுத்தார். அக்டோபர் 9 அன்று நீதிபதி சி. ஹரிசங்கர் தலைமையிலான அமர்வு மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்தது. அடுத்த வாரமே, அக்டோபர் 17 அன்று, உச்ச நீதிமன்றமும் தலையிட மறுத்துவிட்டது. ஒன்றை இங்கே தெளிவாகச் சொல்ல வேண்டும்: இந்த உத்தரவுகளால் ரோஷின் காப்புரிமை ரத்தாகிவிடவில்லை. முதல் பார்வையிலேயே செல்லுமா என்ற வலுவான சந்தேகத்துக்கு இடமிருக்கும் ஒரு காப்புரிமையை வைத்துக்கொண்டு, வழக்கு முடியும்வரை போட்டியாளரை வெளியே நிறுத்த முடியாது என்பதுதான் நீதிமன்றங்கள் சொன்னது. இந்த அணுகுமுறை சட்டப்படியும் நியாயப்படியும் சரியானது என்பதும், ஆனால் நோயாளியின் மருந்து இப்படியொரு வழக்கை நம்பி இருக்கக் கூடாது என்பதும் இந்தக் கட்டுரையின் வாதம்.

சந்தேகம் எங்கிருந்து வந்தது? மருந்துக் கம்பெனிகள் காப்புரிமை கேட்கும்போது, ஒரே ஒரு சேர்மத்தை மட்டும் காட்டி நிறுத்திக்கொள்வது அபூர்வம். ஒரு மூல வடிவத்தை வரைந்து, அதன் இந்த முனையில் இது அல்லது அது வரலாம், அந்த முனையில் இவற்றில் எதுவும் வரலாம் என்று ஒரு பொது வாய்பாட்டை எழுதுவார்கள். அந்த ஒரு வாய்பாட்டுக்குள் ஆயிரக்கணக்கான, சில நேரம் கோடிக்கணக்கான சேர்மங்கள் அடங்கிவிடும். சில ஆண்டுகள் கழித்து, அந்தக் கூட்டத்திலிருந்து ஒன்றைத் தனியே எடுத்து, இது புதிய கண்டுபிடிப்பு என்று இன்னொரு விண்ணப்பம் போடுவார்கள். ரிஸ்டிபிளாம் விஷயத்திலும், 2013இல் வெளியான ஒரு சர்வதேச விண்ணப்பம் முன்னாலேயே இருந்தது; அதையொட்டிய ஓர் அமெரிக்கக் காப்புரிமையும் உண்டு. அந்த ஆவணத்தில் எண்ணிட்டு விளக்கப்பட்ட சேர்மங்களுள் ஒன்று 809. அதையும் ரிஸ்டிபிளாமையும் பக்கத்தில் பக்கத்தில் வரைந்து பார்த்தால் ஒரே ஓர் இடத்தில்தான் வேறுபாடு: 809இல் ஒரு கார்பனும் ஒரு ஹைட்ரஜனும் சேர்ந்து இருக்கும் இடத்தில், ரிஸ்டிபிளாமில் ஒரு நைட்ரஜன் இருக்கிறது. கார்பனுக்கு ஆறு எலெக்ட்ரான், ஹைட்ரஜனுக்கு ஒன்று, கூட்டினால் ஏழு. நைட்ரஜனுக்கும் ஏழு. இப்படி எலெக்ட்ரான் கணக்கு ஒத்துப்போகும் தொகுதிகள் ஒன்றுக்கொன்று மாற்றாக நின்று ஒத்த பண்புகளைக் காட்டும் என்று ஜெர்மன் வேதியியலாளர் கிரிம் 1925 வாக்கிலேயே சொல்லிவிட்டார். மருந்து வேதியியல் படிப்பவர்களுக்கு இது பாடப்புத்தகச் சங்கதி. அதே ஆய்வுக் குழுவினர், தாங்களே முன்பு எழுதிய வாய்பாட்டின் ஓர் இடத்தில் இந்த மாற்றத்தைச் செய்திருக்கும்போது, அது துறை அறிந்த ஒருவருக்கு எட்டாத பாய்ச்சலா என்று நீதிமன்றம் கேட்டது. கேட்க வேண்டிய கேள்வி.

இந்தக் கேள்வி புதிதல்ல; அதற்கு ஒரு நீண்ட வரலாறு உண்டு, அதில் சென்னைக்கும் முக்கியமான இடம் உண்டு. சுதந்திர இந்தியாவின் காப்புரிமைக் கொள்கைக்கு அடித்தளம் போட்டது, சென்னை உயர் நீதிமன்ற நீதிபதியாக இருந்த என். ராஜகோபால ஐயங்கார் 1959இல் அளித்த அறிக்கை. அதன் வழியில் வந்த 1970ஆம் ஆண்டுச் சட்டம் மருந்துப் பொருளுக்குக் காப்புரிமை கிடையாது, செய்முறைக்கு மட்டுமே உண்டு என்றது. இந்திய மருந்துத் தொழில் வளர்ந்ததும், உலகின் ஏழை நாடுகளுக்கு மலிவு மருந்து போனதும் அந்த இடைவெளியில்தான். உலக வர்த்தக அமைப்பின் ட்ரிப்ஸ் ஒப்பந்தத்துக்கு இணங்க 2005 முதல் பொருளுக்கும் காப்புரிமை தர வேண்டி வந்தபோது, நாடாளுமன்றம் 3(டி) என்ற பிரிவுக்குப் புதிய வடிவம் கொடுத்தது. ஏற்கெனவே தெரிந்த ஒரு பொருளின் புதிய உப்பு, புதிய படிக வடிவம், சிறு திரிபு ஆகியவை, மருந்தின் பலனை உருப்படியாகக் கூட்டினால் ஒழியக் கண்டுபிடிப்பு ஆகா என்பது அதன் சாரம். நோவார்ட்டிஸின் 'கிளிவெக்' புற்றுநோய் மருந்து இந்தப் பிரிவில்தான் இடறியது. சென்னைக் காப்புரிமை அலுவலகம் 2006 ஜனவரியில் அதற்கான விண்ணப்பத்தை நிராகரித்தது. பிரிவே அரசியல் சாசனத்துக்கு முரணானது என்று கம்பெனி சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. நீதிபதிகள் ஆர். பாலசுப்ரமணியனும் பிரபா ஸ்ரீதேவனும் 2007 ஆகஸ்ட் 6 அன்று அந்த வாதத்தை ஏற்க மறுத்தார்கள். ட்ரிப்ஸ் மீறப்பட்டதா என்று பார்க்க உலக வர்த்தக அமைப்பில் தனி ஏற்பாடு இருக்கிறது, அங்கே போகலாம் என்றும் சொன்னார்கள். இன்றுவரை எந்த நாடும் 3(டி)யை எதிர்த்து அங்கே வழக்காடவில்லை. அந்தப் பிரிவு சர்வதேச ஒப்பந்தத்துக்கு விரோதம் என்று மேடைதோறும் சொல்பவர்கள் இதற்கு விளக்கம் தர வேண்டும்.

2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றம் கிளிவெக் வழக்கில் அளித்த தீர்ப்பு 3(டி)க்காகவே பேசப்படுகிறது. அதில் இன்னொரு பகுதி உண்டு, அதற்குக் கிடைத்த கவனம் போதாது. மூல மருந்தான இமாட்டினிபுக்கு அமெரிக்காவில் வாங்கிய ஸிம்மர்மன் காப்புரிமையை வைத்துத்தான் கம்பெனி அங்கே கிளிவெக்கைப் பாதுகாத்துக்கொண்டது. பிரிட்டனில் நாட்கோவின் மருந்து விற்பனைக்கு வந்தபோது, அதே காப்புரிமையைக் காட்டித்தான் வக்கீல் நோட்டீஸ் அனுப்பியது. போட்டியாளரைத் துரத்தும்போது 'இந்த மருந்து எங்கள் பழைய காப்புரிமைக்குள் அடக்கம்' என்றும், புதிய காப்புரிமை கேட்கும்போது 'இது பழையதில் சொல்லப்படாத பொருள்' என்றும் பேச முடியாது என்பது நீதிமன்றத்தின் நிலைப்பாடு. காப்புரிமையின் வேலி எவ்வளவு தூரம் போகிறதோ, அவ்வளவு தூரத்துக்கு அறிவையும் உலகுக்குத் திறந்து காட்டியிருக்க வேண்டும். இரண்டுக்கும் நடுவே பெரிய இடைவெளி விடக் கூடாது. 2021இல் டாபாகிளிஃபுளோசின் என்ற சர்க்கரை நோய் மருந்து குறித்து டெல்லி உயர் நீதிமன்ற அமர்வு இதையே ஒரு விதியாகச் சுருக்கியது: ஒரு கண்டுபிடிப்புக்கு ஒரு காப்புரிமை. அங்கே ஆஸ்ட்ரா ஸெனெகா நிறுவனம் ஒரே மாத்திரைக்காக இரண்டு காப்புரிமைகளும் மீறப்பட்டன என்று வழக்குப் போட்டிருந்தது. பொது வாய்பாட்டுக்கான காப்புரிமை 2020இலேயே முடிந்துவிட்ட பிறகு, அதற்குள் அடங்கிய தனிச் சேர்மத்தைக் காட்டி இன்னும் சில ஆண்டுகள் கேட்டது. நீதிமன்றம் இணங்கவில்லை. 2025 டிசம்பரில் செமாக்ளுடைடு வழக்கில், காப்புரிமை இல்லாத நாடுகளுக்கு ஏற்றுமதி செய்ய டாக்டர் ரெட்டீஸ் நிறுவனத்தை அனுமதித்த உத்தரவும் இதே தடத்தில் வந்ததுதான்.

இதற்கு மறுப்பு இல்லாமல் இல்லை. முதல் மறுப்பு பணம் பற்றியது. ஒரு மருந்து சந்தைக்கு வருவதற்குள் எத்தனையோ சேர்மங்கள் தோற்றுப்போகின்றன. அந்தச் செலவையெல்லாம் மீட்கக் காலம் கொடுக்காவிட்டால் நாளை யார் ஆராய்ச்சி செய்வார்கள் என்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் அந்தக் காலத்தைச் சட்டம் கொடுத்திருக்கிறது: விண்ணப்பித்த நாளிலிருந்து இருபது ஆண்டு. தகராறு அந்த இருபதைப் பற்றியது அல்ல, அது முடியும்போது இன்னொரு தாளை நீட்டி மேலும் கேட்பதைப் பற்றியது. ஆராய்ச்சிச் செலவு யாருடையது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ரிஸ்டிபிளாமின் தொடக்கம் ரோஷின் ஆய்வுக்கூடத்தில் மட்டும் நடந்ததல்ல. எஸ்.எம்.ஏ. ஃபவுண்டேஷன் என்ற அமெரிக்கத் தொண்டு அமைப்பும் பி.டி.சி. தெரபியூட்டிக்ஸ் என்ற சிறு நிறுவனமும் 2006 முதல் சேர்ந்து நடத்திய முயற்சி அது. ரோஷ் 2011இல்தான் உள்ளே வந்தது. ஒரு நோயாளியின் குடும்பம் உருவாக்கிய அந்தத் தொண்டு அமைப்பின் நிதியும் இந்த மருந்தின் அடியில் இருக்கிறது. அதற்காக ரோஷ் செலவிடவே இல்லை என்று சொல்ல வரவில்லை. மனிதர்களிடம் சோதித்துப் பார்க்கும் கட்டம்தான் அதிகச் செலவு பிடிப்பது. ஆனால் முழு ஆபத்தையும் தனியே சுமந்தவர் என்ற வாதம் இந்த மருந்துக்குப் பொருந்தாது.

இரண்டாவது மறுப்பு இன்னும் கனமானது. கோடிக்கணக்கான சேர்மங்கள் அடங்கிய ஒரு வாய்பாட்டிலிருந்து, நோயைத் தீர்க்கும், உடம்புக்குக் கேடு செய்யாத ஒன்றைப் பொறுக்கி எடுப்பதே பெரிய கண்டுபிடிப்பு ஆகாதா? சில நேரம் ஆகும். யாரும் எதிர்பாராத பலனைத் தரும் ஒன்றை, வாய்பாட்டின் ஏதோ ஒரு மூலையிலிருந்து கண்டெடுத்தால், அதற்குத் தனிக் காப்புரிமை கொடுப்பதில் தவறில்லை. இந்தியச் சட்டமும் அதற்கு வழி அடைக்கவில்லை. பலன் கூடியதை நிரூபி என்றுதான் கேட்கிறது. இந்த இடத்தில் டெல்லி நீதிமன்றத்தின் ஒரு சோதனையை நான் ஏற்கத் தயங்குகிறேன். சாதாரணத் துறை வல்லுநருக்கு எளிதில் தோன்றுமா என்று பார்ப்பது வழக்கமான அளவுகோல். பழைய காப்புரிமையையும் புதியதையும் எழுதியவர் ஒருவரே என்றால், அவர் 'உள்விவரம் அறிந்தவர்' என்ற இன்னும் கடுமையான அளவுகோலால் அளக்கலாம் என்று டாபாகிளிஃபுளோசின் தீர்ப்பு சொன்னது. தன் வேலையையே தொடர்ந்து செம்மைப்படுத்தும் ஆய்வாளரை, அந்நியரைவிடத் தாழ்ந்த இடத்தில் நிறுத்திவிடும் ஆபத்து அதில் இருக்கிறது. ரிஸ்டிபிளாம் வழக்கை விசாரித்த அமர்வே, முந்தைய தீர்ப்புக்குக் கட்டுப்பட்டு அந்தச் சோதனையைப் பயன்படுத்தினாலும், அதைப் பற்றித் தன் ஐயங்களைப் பதிவு செய்தது. உச்ச நீதிமன்றம் ஒருநாள் இதைச் சீர்செய்தாக வேண்டும். என் கணிப்பில், அந்தச் சோதனையை நீக்கிவிட்டுப் பார்த்தாலும் ரிஸ்டிபிளாம் வழக்கின் முடிவு மாற வேண்டியதில்லை. 809ஐக் கையில் வைத்திருக்கும் எந்த மருந்து வேதியியலாளரும் முயன்று பார்க்கக்கூடிய மாற்றங்களில் அந்த நைட்ரஜனும் ஒன்று.

மூன்றாவது மறுப்பு வக்கீல்களிடமிருந்து வருகிறது. சந்தேகம் இருந்தால் விசாரணை முடியட்டும், அதுவரை இருக்கும் நிலை நீடிக்கட்டும் என்கிறார்கள். விசாரணை எப்போது முடியும்? எர்லாடினிப் என்ற நுரையீரல் புற்றுநோய் மருந்துக்காக ரோஷ் சிப்லா மீது தொடுத்த வழக்கில் 2008இல் நீதிபதி ரவீந்திர பட் இடைக்காலத் தடை மறுத்தார். ரோஷின் மாத்திரை சுமார் 4,800 ரூபாய், சிப்லாவினுடையது 1,600 ரூபாய். அமர்வின் இறுதித் தீர்ப்பு வந்தது 2015இல். அதில் ரோஷுக்குச் சாதகமாக முடிவானது, ஆனால் அதற்குள் காப்புரிமை முடிய நாலு மாதம்கூடப் பாக்கி இல்லை. தடை கொடுத்திருந்தால் அந்த ஏழாண்டும் நோயாளிகள் மும்மடங்கு விலைக்கு வாங்கியிருப்பார்கள். அந்த வழக்கில் கம்பெனி வென்றதே, அப்படியானால் தடை மறுத்தது தவறல்லவா என்று கேட்கலாம். கம்பெனிக்கு ஏற்பட்ட இழப்பைப் பணமாகக் கணக்கிடலாம், ஈடு கட்டலாம். எஸ்.எம்.ஏ. நோயில் அழிந்துபோகும் இயக்க நரம்பணுக்கள் திரும்ப முளைப்பதில்லை. மருந்து கிடைக்காமல் போன ஓராண்டில் ஒரு குழந்தை இழந்த அசைவை எந்தத் தீர்ப்பாணையும் மீட்டுத் தராது. தடை கொடுப்பதா வேண்டாமா என்று முடிவு செய்கையில் இரு தரப்பின் நட்டத்தையும் ஒப்பிட வேண்டும் என்பது உரிமையியல் சட்டத்தின் பழைய விதி. மருந்து வழக்குகளில் அந்த ஒப்பீட்டில் வழக்காடும் இருவரைத் தவிர மூன்றாவதாக நோயாளியும் இருக்கிறார்.

இவ்வளவும் சொன்ன பிறகு, இந்த வெற்றிகள் எதன் மேல் நிற்கின்றன என்று பார்த்தால் கவலைதான் வருகிறது. நாட்கோ என்ற கம்பெனிக்கு லாபக் கணக்கு ஒத்துவந்தது, சண்டை போட்டது, மருந்து மலிந்தது. எந்த ஜெனரிக் கம்பெனிக்கும் ஆர்வம் இல்லாத மருந்தானால், பலவீனமான காப்புரிமையும் இருபது ஆண்டு அசையாமல் நிற்கும். சண்டை நடந்தாலும் முடிவு ஒரே மாதிரி வருவதில்லை. ரிஸ்டிபிளாமுக்குத் தடை மறுத்த அதே நீதிமன்றம், நிவோலுமாப் என்ற புற்றுநோய் மருந்து வழக்கில் 2025 ஜூலையில் ஸைடஸ் நிறுவனத்துக்குத் தடை விதித்தது. 2026 ஜனவரியில்தான் அமர்வு அதை விலக்கியது, காப்புரிமையே அந்த மே மாதம் முடியவிருந்த நிலையில். புற்றுநோயாளிக்கு ஆறு மாதம் சிறிய காலம் அல்ல.

அதனால்தான் சட்டத்தின் 25(1) பிரிவு எனக்கு நீதிமன்றத் தீர்ப்புகளைவிட முக்கியமாகப் படுகிறது. காப்புரிமை தருவதற்கு முன்னால், 'எந்த நபரும்' அலுவலகத்தில் எதிர்ப்புத் தெரிவிக்கலாம் என்கிறது அது. கம்பெனியாக இருக்கத் தேவையில்லை, தனக்கு நட்டம் என்று காட்டத் தேவையில்லை. இதன் வலிமையைக் காட்டியது பெடாகுவிலின் விவகாரம். மற்ற மருந்துகளுக்கு மசியாத காசநோய்க்கான அந்த மாத்திரையின் மூலக் காப்புரிமை 2023 ஜூலையில் முடிந்தது. அதன் ஃபியூமரேட் உப்பு வடிவத்துக்கு ஜான்சன் அண்ட் ஜான்சன் தனிக் காப்புரிமை கேட்டிருந்தது; கிடைத்திருந்தால் 2027 வரை நீண்டிருக்கும். காசநோயிலிருந்து மீண்டு, பழைய ஊசி மருந்துகளின் பக்கவிளைவால் செவித்திறனை இழந்த இரண்டு பெண்கள், ஒருவர் மும்பையிலும் இன்னொருவர் தென்னாப்பிரிக்காவிலும் இருந்தவர்கள், 2019இல் அதை எதிர்த்து மனுப் போட்டார்கள். 2023 மார்ச் 23 அன்று மும்பைக் காப்புரிமை அலுவலகம் அந்த விண்ணப்பத்தை நிராகரித்தது. நீதிமன்றப் படியேறாமல், கோடிக்கணக்கில் வக்கீல் ஃபீஸ் கொட்டாமல், பாதிக்கப்பட்டவர்களே சாதித்த காரியம். அந்த ஆண்டே உலக மருந்து வசதி அமைப்பு அந்த மாத்திரையை வாங்கும் விலை பாதிக்கும் கீழே இறங்கியது.

இந்தக் கதவைத்தான் சிறுகச் சிறுகச் சாத்துகிறார்கள். அதுவரை இலவசமாக இருந்த முன்-எதிர்ப்பு மனுவுக்கு, 2024 மார்ச்சில் வந்த திருத்த விதிகள் கட்டணம் வைத்தன. மனுவை விசாரணைக்கு எடுக்கலாமா என்று அதிகாரி முதலில் முடிவு செய்ய வேண்டும் என்ற வடிகட்டியையும் சேர்த்தன. காப்புரிமை பெற்றவர் அதை இந்தியாவில் எப்படிப் பயன்படுத்துகிறார் என்று ஆண்டுதோறும் தந்துவந்த அறிக்கை, மூன்றாண்டுக்கு ஒருமுறை போதும் என்றானது. ஆதாரமற்ற எதிர்ப்புகள் குவிந்து விண்ணப்பங்கள் தேங்குகின்றன என்பது அரசுத் தரப்பின் காரணம். போலிப் பெயர்களில் மனுப் போட்டு இழுத்தடிக்கும் வழக்கம் இருந்தது உண்மை. அதைச் செய்தவர்களில் போட்டிக் கம்பெனிகளும் உண்டு. அதற்குத் தண்டம் விதிக்கலாம், அடையாளத்தை உறுதி செய்யலாம். எல்லோருக்கும் பொதுவாகக் கட்டணம் வைத்தால், கம்பெனி அதைக் கட்டிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கும். தயங்கி நிற்பது நோயாளிச் சங்கம்தான். வெளியுறவு ஒப்பந்தங்களின் திசையும் இதுவே. 2025 ஜூலை 24 அன்று பிரிட்டனுடன் கையெழுத்தான வர்த்தக ஒப்பந்தம், மருந்து கிடைக்கச் செய்வதற்கு உகந்த வழி கம்பெனிகள் தாமாக முன்வந்து தரும் உரிமமே என்று ஒப்புக்கொள்கிறது. கட்டாய உரிமம் என்ற ஆயுதத்தை இந்தியா இதுவரை ஒரே ஒரு முறைதான் எடுத்திருக்கிறது: 2012 மார்ச்சில், மாதம் 2,80,428 ரூபாய்க்கு விற்ற பேயரின் சிறுநீரக, கல்லீரல் புற்றுநோய் மருந்தை நாட்கோ 8,880 ரூபாய்க்குத் தர வழி செய்தபோது. ராயல்டியை 6 சதவீதத்திலிருந்து 7 ஆக்கி அதை உறுதி செய்தது, பிரபா ஸ்ரீதேவன் தலைமையில் சென்னையிலிருந்து இயங்கிய அறிவுசார் சொத்துரிமை மேல்முறையீட்டு வாரியம். அந்த வாரியமே 2021இல் கலைக்கப்பட்டுவிட்டது.

செய்ய வேண்டியவை புரட்சிகரமானவை அல்ல. நோயாளிகளுக்கும் அவர்களுடைய அமைப்புகளுக்கும் முன்-எதிர்ப்புக் கட்டணத்தை விலக்க வேண்டும். ஒரு மருந்துக்கு விண்ணப்பம் வரும்போது, அதே பொருளைத் தொடும் முந்தைய பொது வாய்பாடு எது, அதில் இந்தச் சேர்மத்துக்கு மிக நெருங்கியது எது என்பதை விண்ணப்பதாரரே படம் வரைந்து காட்டும்படி விதி செய்ய வேண்டும். 809ஐத் தேடிப் பிடிக்க ஒரு வழக்கு தேவைப்பட்டிருக்கக் கூடாது. இன்னொன்றும் உண்டு. விண்ணப்பத்தை நிராகரித்தால் அதிகாரி பக்கம் பக்கமாகக் காரணம் எழுத வேண்டும். எதிர்ப்பு எதுவும் இல்லாமல் காப்புரிமை வழங்கினால், 3(டி) சோதனையில் அந்த மருந்து எப்படித் தேறியது என்று ஒரு வரிகூட எழுதாமல் சான்றிதழ் போய்விடுகிறது. இருபது ஆண்டு ஏகபோகத்தைத் தூக்கிக் கொடுக்கும் கோப்பில், கூடுதல் பலன் என்ன, அதற்குச் சான்று எது என்று இரண்டு பக்கம் எழுதிக் கையெழுத்திடும்படி காப்புரிமை அலுவலகங்களுக்கு ஒரு சுற்றறிக்கை அனுப்ப, நாடாளுமன்றம்கூடத் தேவையில்லை.